சம்பந்தி வீட்டு ரகோமெலோ

மாப்பிள்ளையின் அப்பா சிஃபிஸ் வீட்டில் எனக்கு ஊற்றிய ரகோமெலோ நாக்கில் இனித்துத் தொண்டையில் கசந்தது. பட்டையும் கிராம்பும் போட்டு, ஆவி பறக்கக் கொண்டுவந்திருந்தார்கள். தேன் கலந்த சாராயம் கசக்கவே கூடாது. இரண்டாவது கோப்பை கேட்டேன். அதுவும் கசந்தது. மூன்றாவது கேட்டபோது என் மனைவி கரிஃபல்யா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். பெண் கொடுக்க வந்த இடத்தில் குடிக்கிறேனாம். நான் குடிக்கவில்லை, துப்புத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

அது எனக்குத் தெரிந்த கசப்பு. எங்கள் கிரீட் மலைகளில் எல்லோரும் கோடையில் தேன் எடுத்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். குளிர் தொடங்கும்போது பூக்கும் கூமாரியா மரங்களுக்குக் கீழே பெட்டி வைக்கிற கிறுக்கன் நான் ஒருவன்தான். அந்தத் தேன் கசக்கும். போன நவம்பரில் ஒரே ஒரு டின் கிடைத்தது. அதுவும் ஒரு வாரத்தில் கொட்டகையிலிருந்து மாயமானது.

கொட்டகைச் சாவி என்னையும் பக்கத்து வீட்டு மனூசோஸையும் தவிர யாரிடமும் இல்லை. முப்பது வருடச் சிநேகிதன். டின் எங்கே என்று கேட்டதற்கு, நீயே தூக்கிக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்கிறாயே என்றான். யாருக்குக் கொடுத்தேன் என்றால், யாரோ வெளியூர்க்காரனாம், பெயர் தெரியாதாம். பொய் சொல்லவாவது கொஞ்சம் சிரத்தை எடுக்கக் கூடாதா? தெருவில் நின்று திருடன் என்று கத்தினேன். மூன்று மாதமாகப் பேச்சில்லை.

இப்போது அதே தேன் சிஃபிஸின் கோப்பையில். மனூசோஸ் திருடி விற்றானா, இல்லை இவரே கை வைத்தாரா? கேட்டால் கல்யாணம் நின்றுபோகலாம். எதிரே என் மகள் அர்கிரோ, மாப்பிள்ளையைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். கேட்காவிட்டாலோ எனக்குத் தலை வெடித்துவிடும். இன்னொரு குடைச்சலும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஏன் எங்களைத் தேடி ஆள் விட்டுப் பெண் கேட்டார்கள்? வாசலில் சிஃபிஸ் ஏன் என்னைப் பழைய சிநேகிதனைப் போலக் கட்டிக்கொண்டார்?

தேனை மட்டும் கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டேன். சிஃபிஸ் டின்னையே தூக்கி வந்தார். மூடியில் நான் அடித்த நீலப் பெயிண்ட்.

"நல்ல தேன். எங்க வாங்கினீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன சம்பந்தி, விளையாடுறீங்களா? உங்க ஊர்ல சாராயம் காய்ச்சுற அன்னிக்கு, வழியில போன எனக்கு நீங்கதானே தோள்ல தூக்கிட்டு வந்து குடுத்தீங்க. இந்தத் தேன் எவனுக்குப் புடிக்குதோ அவன் வீட்லதான் எம் பொண்ணக் குடுப்பேன்னு கட்டிப்புடிச்சு அழுதீங்களே. எனக்குப் புடிச்சுது, கேட்டு அனுப்பினேன்."

திராட்சைச் சக்கையைக் காய்ச்சும் நாளில் ஊரே கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்து, சூடாக வடிவதை வடிய வடியக் குடிக்கும். வழிப்போக்கனுக்கும் கோப்பை உண்டு. அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கரிஃபல்யா மிதித்த காலை எடுத்துவிட்டாள். அர்கிரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனூசோஸ் சொன்னது அத்தனையும் உண்மை.

கல்யாணத் தேதி குறித்தோம். சிஃபிஸ் ஒரு புட்டி ரகோமெலோவைக் கையில் கொடுத்தார். அதோடு நேரே மனூசோஸ் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன்.

கோடரியை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு கோப்பையோடு வந்தான். என் புட்டியை வாங்கி ஊற்றிக் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"மூணு மாசமா நான் சொன்னப்ப பொய். ஒரு டின் தேன் சொன்னதும் நிசமாயிருச்சா?"

அவன் தனக்கு இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டான். வழிப்போக்கனுக்கும் கோப்பை நீட்டுகிற எங்கள் ஊரில், எனக்கு அவன் கோப்பை எடுத்து வரவில்லை.