கேட்காமல் செய்தது

அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, பிரசவ வார்டில் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வது சங்கமித்ராவின் வேலை. பெங்களூரு பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் வரும். அதனால்தான் அவள் வேலை பார்த்த ஆய்வுக்குழு, தமிழர்கள் அதிகம் வாழும் ஈஜிபுராவை அவளிடம் விட்டிருந்தது.

ஈஜிபுராவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "நல்லா பாத்துக்கிட்டாங்க." தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு திரும்பியாயிற்று, அதற்கு மேல் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்பதுபோல.

கிருத்திகாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் நரேஷ் ஒரு ஐடி கம்பெனிக்குக் கேப் ஓட்டுகிறான். பெண் குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. மாமியார் ரத்தினம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தபடி, மருமகளிடம் கேட்டதற்கெல்லாம் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டாக்டருங்க மரியாதையா பேசுனாங்களா, கிருத்திகா?"

"அதெல்லாம் நல்லாத்தான் பேசுனாங்க," என்றாள் ரத்தினம்மாள். "ரெண்டாவதையும் அங்கயே பாத்துக்கலாம்னு இருக்கேன். ஆனா நிக்க மாட்டேங்குதே! நானும் ஒரு வருஷமா இவள கோயில் கோயிலா கூட்டிட்டுத் திரியறேன்."

கிருத்திகா குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். குழந்தை வெளியே போக வேண்டும் என்று அடம்பிடித்தது. ரத்தினம்மாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

சங்கமித்ரா அடுத்த கேள்விக்கு வந்தாள். "ஒவ்வொண்ணு செய்யறதுக்கு முன்னாடியும் இன்னது செய்யப்போறோம், சரியான்னு உங்கள கேட்டாங்களா?"

கிருத்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிரசவத்துல யாரு கேப்பாங்கக்கா?"

பிறகு தானாகவே பேசினாள். "குழந்த பொறந்ததும் உள்ள ஏதோ பண்ணாங்க. உசுரு போற வலி. என்னா பண்றீங்கன்னு கத்துனேன். 'ஹாக்காய்த்து, சும்னிரு'ன்னு சிஸ்டர் அதட்டுனாங்க. போட்டாச்சு, சும்மா இருன்னு அர்த்தம்னு இப்ப தெரியுது. அப்ப எனக்குக் கன்னடம் ஒரு வார்த்த தெரியாது. தையல்னு நெனச்சுக்கிட்டேன்."

"அதுக்கப்புறம் உடம்பு எப்படி இருக்கு?"

"மாசாமாசம் ரொம்பப் போகுதுக்கா. அடிவயிறு பிடிச்சு இழுக்குது. பிள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்ன்றாங்க அத்த."

சங்கமித்ராவின் பேனா நின்றது. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியாக இருக்கலாம் என்று மனதில் பட்டது. ஆனால் பதிவு செய்ய வருகிறவள் வைத்தியம் சொல்லக்கூடாது. மாடிப்படியில் நின்று, குழுவின் தலைவர் டென்சிலுக்குப் போன் செய்தாள்.

"உன் சந்தேகத்த உண்மைன்னு சொல்லிடாத," என்றார் அவர். "ஆனா அந்தப் பொண்ணு டாக்டர பாக்கணும்னு நெனச்சா கூடப் போ. ஆய்வு ஒண்ணும் கெட்டுப்போகாது."

உள்ளே வந்து, "நான் டாக்டர் இல்ல, கிருத்திகா. அன்னைக்கு என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வேணும்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றாள்.

"வேணாம்கா. செஞ்சவங்ககிட்டயே கேக்கணும்."

அந்த வாரமே இருவரும் பிரசவம் நடந்த அதே மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் வீணா இளவயதுக்காரர், சமீபத்தில் அங்கே சேர்ந்தவர். ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்து, ஸ்கேனும் பார்த்துவிட்டுத் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். கருப்பையின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு.

"காப்பர் டி. பிரசவம் ஆனதும் போட்டிருக்காங்க. இது இருக்கறவரைக்கும் கரு நிக்காது."

கிருத்திகா திரையையே பார்த்தாள். "ஒரு வருஷமா அத்த என்ன ஒரு மாதிரி பாக்குறாங்க, மேடம். நானும் எங்கிட்டதான் கோளாறுன்னு இருந்தேன்."

"உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கம்மா," என்றார் வீணா தனக்குத் தெரிந்த தமிழில். "அந்த வலியில ஞாபகம் இருந்திருக்காது. பிரசவத்தோடயே போடறது நல்லதுதான், அடுத்த குழந்தைக்கு இடைவெளி..."

"நல்லதாவே இருக்கட்டும். வலியில துடிக்கிறவகிட்ட, அவளுக்குத் தெரியாத பாஷையில சொன்னா, அது சொன்னதா மேடம்?"

சங்கமித்ரா அதைக் கன்னடத்தில் சொல்ல வாயெடுத்தாள். தேவைப்படவில்லை. வீணா நாற்காலியை இழுத்துப் போட்டு, கிருத்திகாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"இல்லம்மா. அது சொன்னதுல சேராது," என்றார். பிறகு, "ரத்தம் கொறைவா இருக்கு. அதுக்கு மாத்திரை தரேன். இத எடுத்துடலாம், இப்பவே முடியும். இல்ல கொஞ்ச நாள் இருக்கட்டும்னாலும் சரி. உங்களுக்கு எப்படி வேணும்?"

எடுத்துவிடுங்கள் என்று உடனே சொல்வாள் என்றுதான் சங்கமித்ரா எதிர்பார்த்தாள். கிருத்திகா அப்படிச் சொல்லவில்லை.

"இப்ப வேணாம். மொதல்ல ரத்தம் ஊறட்டும். எப்ப எடுக்கணும்னு நானே வந்து சொல்றேன்."

வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "கோவமா வருதுக்கா. யார் மேலன்னு தெரியல," என்றாள். சங்கமித்ரா அவள் தோளில் கை வைத்து நின்றாள். பஸ் ஒன்று வந்து போயிற்று. இருவரும் ஏறவில்லை.

ஆய்வுக்குழு அந்தக் கேள்வியை மாற்றியது. "கேட்டார்களா?" என்பதை விட்டுவிட்டு, "என்னென்ன செய்தார்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள். "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்ற பெண்களிடமிருந்தே வேறு பேச்சுகள் வந்தன.

ஒரு நாள் கிருத்திகா போன் செய்தாள். நரேஷிடம் சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு கை பார்க்கிறேன் என்று குதித்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டானாம்.

"அத்தைகிட்டயும் நேத்து நானே சொல்லிட்டேன்கா. திட்டுவாங்கன்னு பாத்தா, திட்டல. சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. 'எனக்கும் நரேஷுக்கு அப்புறம் நிக்கவே இல்லடி. உங்க மாமா இருந்தவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லியே ஏசுவாரு. எனக்கும் ஏதாச்சும் பண்ணியிருப்பாங்களா?'ன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

சங்கமித்ரா மனதில் கணக்குப் போட்டாள். முப்பது வருடத்துக்கு முந்தைய பிரசவம். இந்த ஆய்வுக்குள் வராது. இனி ஸ்கேன் பார்த்தாலும் விடை கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

"வீட்லதான் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

"இன்னைக்கு வரேன்னு சொல்லுங்க. அவங்க பேசட்டும். நான் கேக்குறேன்."