பங்கு துள்ளிய நாலு நாள்

சிவபிரகாஷுக்கு அன்று சோறு இறங்கவில்லை. காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் மனிதனுக்கு, பம்பாய்க்காரர்களுக்கே பிடிபடாத ரகசியம் பிடிபட்டுவிட்டால் சோறு எப்படி இறங்கும்?

விஷயம் இதுதான். மனைவி தீபலட்சுமி தேவகோட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருகிறாளே, ஸ்கூட்டர் வாங்கலாம் என்று இருவரும் பணம் சேர்த்திருந்தார்கள். அவ்வளவையும் அவளிடம் மூச்சு விடாமல் ஒரு பம்பு கம்பெனியின் பங்கில் போட்டிருந்தான். அதுவோ குட்டைக்குள் படுத்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. ஆனால் இரண்டு வருஷத்து ஏற்ற இறக்கத்தை எடுத்துப் பார்த்தால், நாலே நாலு நாள் மட்டும் வெறி பிடித்ததுபோலத் துள்ளியிருந்தது. அப்போது ஏன் துள்ளியது என்று தெரிந்தால், இனி எப்போது துள்ளும் என்றும் தெரிந்துவிடாதா?

பட்ஜெட்டோடு பொருத்தினான், மழையோடு பொருத்தினான், வெட்கமில்லாமல் அமாவாசையோடும் பொருத்தினான். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அந்த நாலு தேதிகளில் செல்போனுக்கு வந்த போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நாலு நாளும் வீட்டிலிருந்து தீபலட்சுமி அனுப்பிய போட்டோவில் மாமியார் சின்னத்தாயி சிரித்துக்கொண்டிருந்தார்.

நேமத்தான்பட்டியிலிருந்து மாமியார் வருகிறார் என்றாலே, சரக்கு வந்திருக்கிறது என்று சொல்லிக் கடைக்கு நழுவுகிறவன் அவன். அப்பேர்ப்பட்டவன் தானாகப் போன் போட்டு, திங்கட்கிழமை காலையிலேயே வந்து நாலு நாள் தங்க வேண்டும் என்று அழைத்தான். 

"ஏன் மாப்பிள்ளை, தீபாவுக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்றார் சின்னத்தாயி பதறிப்போய்.

திங்கட்கிழமை பஸ் வருவதற்கு முன்பே இவன் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். அவருடைய பையைப் பிடுங்காத குறையாக வாங்கி வீடுவரை சுமந்து வந்தான். பரீட்சை லீவில் வீட்டிலிருந்த தீபலட்சுமி அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். மாமியாரைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தான். ஷேர் மார்க்கெட் திறந்தது. அரை மணி நேரத்தில் பம்பு கம்பெனி எழுந்து உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விலை ஏறியபோது காபி கொடுத்தான், இன்னும் ஏறியபோது வடை, அதற்கு மேல் ஏறியபோது மலைவாழைப்பழம். சின்னத்தாயி சமையற்கட்டுக்குப் போகலாமென்று எழுந்தால் அவனுக்கு உயிரே போனது. "அங்குட்டுப் போகாதீக அத்தை, இங்கனயே இருங்க" என்று கெஞ்சினான். மாப்பிள்ளைக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

சந்தோஷம் வயிற்றில் தங்கவில்லை. மனைவியைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஸ்கூட்டர் பணம் என்றதும் அவள் முறைத்தாள். நாலு போட்டோக்களையும் பார்த்தாள்.

"எங்கம்மா மாசத்துக்கு ரெண்டு தடவ வருது. துள்ளுன நாளப் பாத்தீக, சரி. எங்கம்மா வந்தும் துள்ளாத நாளப் பாத்தீகளா? நீங்க வீட்டுல எங்க இருந்தீக, பாக்குறதுக்கு?"

அவசரமாகத் தேடினான். போட்டோக்களில் மாமியார் எங்கு பார்த்தாலும் இருந்தார். முறுக்குச் சுற்றினார், துணி மடித்தார், கோலம் போட்டார். அந்த நாட்களிலெல்லாம் பங்கு செத்தவன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்த மாதிரிதான் கிடந்திருந்தது. முதலில் விற்றுவிட்டு மறுவேலை பாருங்கள் என்றாள் தீபலட்சுமி. நின்ற நிலையில் விற்றான். ஸ்கூட்டருக்குப் போக ஹெல்மெட்டுக்கும் மிஞ்சியது. பிழைத்தோம் என்ற சிரிப்பு முதலில் அவனுக்குத்தான் வந்தது, பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தபடி திரும்பினால், அறை வாசலில் காபி டம்ளரோடு சின்னத்தாயி எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார்.

"அப்ப என்னையக் கூப்பிட்டது அதுக்குத்தானா மாப்பிள்ளை?"

வாயில் நாலைந்து பொய்கள் வந்தன. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா அத்தை" என்றான். காலையிலிருந்து மலர்ந்திருந்த முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவனுக்கு வந்த லாபம் கசந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை திரும்ப வாங்க அத்தை" என்றான். "அன்னைக்கு ஷேர் மார்க்கெட் லீவு. கடையையும் பூட்டிட்டு நான் வீட்டுலதான் இருப்பேன்."

 அப்படியென்றால் நாட்டுக்கோழி பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காபியை அவன் கையில் கொடுத்தார் சின்னத்தாயி.