இருபத்தொன்றாவது வெடி

1863 ஜூலை முதல் தேதி காலையில் பாராமரிபோ நகரக் கோட்டையில் முழங்கிய இருபத்தொரு பீரங்கி வெடிகளும் லாங் ஹெடுல்ட் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேரப் பத்து வருடம் ஆனது. முதல் வெடி அன்றைக்கே வந்துவிட்டது. அடிமைத்தனம் ஒழிந்தது, இருபத்தொரு வெடியும் கேட்டு முடித்தவர்கள் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்று முந்தின நாளே அறிவிப்பு வாசித்திருந்தார்கள். அதனால் எல்லாரும் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி உடுத்தி ஆலை முற்றத்தில் நின்றார்கள். துரைகூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொழுது சாய்ந்தும் இரண்டாவது வெடி வரவில்லை. மறுநாள் துணியை மடித்து வைத்துவிட்டுக் கரும்பு வெட்டப் போனார்கள். இரண்டாவது ஜனவரியில் வந்தது, மூன்றாவது அடுத்த ஜூலையில். ஆற்றுவழியே அரை நாள் தூரத்தில் இருக்கும் நகரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டதாகப் படகோட்டிகள் சொன்னார்கள். துரையைக் கேட்டால், சட்டம் அப்படி, நான் என்ன செய்யட்டும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது எல்லா ஊருக்கும் பொதுதான்.

ஆலையின் இரும்பு உருளைகளுக்குக் கரும்பு கொடுக்கிற அஜுபாவுக்கு ஒரே மகள், யாபா. ஒன்பது வயதில் அவளை நகரத்து வீட்டு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அவள் வெடி எல்லாம் கேட்டு விடுதலையாகிவிட்டாள். ஆனால் லாங் ஹெடுல்ட் மண்ணில் கால் வைத்தால் அந்த மண்ணின் கணக்கில் சேர்ந்துவிடுவாள் என்பது விதி. எனவே வருடா வருடம் ஜூலை முதல் தேதி படகில் வந்து, படித்துறைக்கு நாலு முழம் தள்ளியே நிறுத்தச் சொல்வாள். வாழைக்காயும் மரவள்ளியும் உப்புமீனும் சேர்த்து அவித்த பண்டிகைச் சட்டியைத் துடுப்பின் நுனியில் மாட்டி நீட்டுவாள்.

“என்னடி இப்படி இளைச்சுட்டே? அந்த ஊர்ல சாப்பாடு போடறாங்களா, இல்ல மோந்து பாக்கச் சொல்றாங்களா?”

“மொதல்ல உன்னைப் பாரும்மா. கரும்புச் சக்கையே தேவலை.”

நாலு முழத் தண்ணீரை நடுவில் வைத்துக்கொண்டு தாயும் மகளும் பொழுதுபோகும்வரை சிரித்தார்கள். தொட்டுக்கொள்ள முடியவில்லை.

எட்டாவது வெடி வந்தபோது துரை அதை இடி என்று சாதிக்கப் பார்த்தார். இனி ஏமாந்துவிடக் கூடாது என்று அஜுபாதான் ஒரு வழி சொன்னாள். ஒவ்வொருவரும் தன் காதால் கேட்டு, முற்றத்துக்கு வந்து, கேட்டது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் கேட்கக் கூடாது. கேட்காமல் சொன்னால் பாவம் பெற்ற பிள்ளையின் தலையில் விழும். வெள்ளைக் களிமண் கரைத்த தண்ணீரைக் குடித்து நாற்பத்துநாலு பேரும் சத்தியம் செய்தார்கள். அத்தனை வாயை மறுக்கத் துரையால் முடியவில்லை. அஜுபாவின் மூளையை எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த ஆலைச் சத்தத்தில் யார் காதுதான் தாங்கும்? பத்தொன்பதாவது வெடி அவளுக்குப் பக்கத்து வீட்டு உலக்கை போலக் கேட்டது. இருபதாவது, மணலில் கொக்கோக் காய் விழுந்த மாதிரி. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

1873 ஜூலை முதல் தேதி, காலை பத்து மணிக்குக் கடைசி வெடி வந்தது. கொக்குகள் எழும்பின, கைக்குழந்தைகள் அலறின. நாற்பத்துமூன்று பேர் வரிசையாக வந்து கேட்டது என்றார்கள். அஜுபா எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆலையில் உடன் வேலை செய்யும் அக்குபா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் வாயசைவு அஜுபாவுக்குப் பழக்கம்.

“சொல்லித் தொலையேன்டி! ஒரே ஒரு வார்த்தை!”

“எனக்குக் கேக்கலியே, அக்குபா.”

“யாருக்குத் தெரியப் போவுது?”

“குடிச்ச தண்ணிக்குத் தெரியுமே. எம் பொண்ணு தலைக்குத் தெரியுமே.”

தோட்டத்தின் கணக்கு முடிந்ததால் யாபா முதல்முறையாகக் கரையில் குதித்தாள். பத்து வருடம் சேர்த்து வைத்த கட்டிப்பிடிப்பு. “என் தலையில விழட்டும்மா, விழுந்துட்டுப் போவட்டும், வா” என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். அஜுபாவுக்கு மகளின் மூச்சுச் சூடு மட்டும் காதில் பட்டது. அஜுபாவைத் தவிர எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நடுப்பகலில் எல்லாப் படகும் போய்விட்டன.

பிறகு கல்கத்தாவிலிருந்து கப்பலில் புது ஆட்கள் வந்தார்கள். துரைகள் மாறினார்கள். அஜுபாவைப் போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நகரத்தில் ஜூலை முதல் தேதி பெரிய திருநாளாகிவிட்டது. சங்கிலி அறுந்த நாள் என்று பெயர், மேளம், ஊர்வலம், ஒவ்வொரு மடிப்பும் ஒரு செய்தி சொல்கிற மாதிரி கட்டிய தலைத்துணிகள். யாபா ஒரு ஊர்வலமும் பார்த்ததில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு லாங் ஹெடுல்ட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு வருடம் துப்பாக்கி கொண்டுவந்து அம்மாவின் காதோரம் சுட்டாள். அஜுபா நெஞ்சைத் தடவிக்கொண்டு, “அதிருது. ஆனா இது உன்னோட வெடி. என்னோடது வழியில இருக்கு” என்றாள். யாபா துப்பாக்கியை ஆற்றில் எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். வேறு என்ன செய்ய முடியும்? பெற்றவளை மீட்க அவளுக்கு ஒரு வழியும் இல்லை.

இப்படிப் பதினெட்டு வருடம் போனது. 1891 மழைக்காலத்தில் அஜுபா செத்தாள். குளிப்பாட்ட அக்குபாவும் வந்திருந்தாள். தலையைச் சாய்த்து இடது காதில் தண்ணீர் விட்டபோது உள்ளேயிருந்து ஒரு பீரங்கி வெடி வெளியே வந்தது. கூரை ஓலை உதிர்ந்தது. அக்கரையில் நாய்கள் குரைத்தன. கல்கத்தாக்காரர்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அக்குபா எதிரொலி அடங்கும்வரை செம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, மிச்சத் தண்ணீரை ஊற்றினாள். யாபா அம்மாவுக்குக் கஞ்சி போட்ட வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிவிட்டு, படகோட்டியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, படகைக் கரையோட ஒட்டிப் போடுங்க. அம்மா வர்றாங்க.”