பதினெட்டு டிகிரி

ரஷீதாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? எட்டு வருடமாக ஈசூனிலிருந்து ரயிலேறி வந்து, ஜாலான் புசார் கடைவீட்டு மாடியில் நியூட்டுகளுக்குப் புழு ஊட்டுகிறவள் அவள். பல்லி போன்ற அந்த அரிய நீர்ப்பிராணிகளைப் பெருக்கத்தான் முதலாளி அங்கமுத்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். இதுவரை ஒரு முட்டைகூடக் கிடையாது.

போன வருடம் வேலைக்குச் சேர்ந்த கண்மணிக்கு இரண்டாம் தொட்டியைக் கொடுத்தார். அவள் விரலைக் கண்டாலே அதிலிருந்த நியூட்டுகள் கிட்டே வந்துவிடும். பார்க்க வருகிறவர்களும் அவளையே படம் பிடிப்பார்கள். ரஷீதாவைத் தண்ணீர் மாற்றுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கல்யாணத்துக்கென்று கண்மணி ஒரு மாதம் ஈப்போவுக்குப் போனாள். தொட்டியை அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நன்றாகவே பார்த்துக்கொண்டாள் அக்கா! தண்ணீரைக் குளிர வைக்கும் எந்திரத்தைப் பதினெட்டு டிகிரியிலிருந்து பத்துக்கு இறக்கினாள். சாக வேண்டாம், வாடினால் போதும், வந்து பார்த்து அவள் முகம் சுருங்கட்டும். முதலாளி பார்ப்பது தினக்குறிப்பு நோட்டைத்தான். அதில் முப்பது நாளும் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நியூட்டுகள் இரை தொடாமல் கல்லடியில் ஒடுங்கின. கண்மணி திரும்புவதற்கு முந்தின நாள் மறுபடி பதினெட்டில் வைத்தாள்.

பத்தே நாள். கண்மணியின் தொட்டியில் நீர்ச்செடியின் இலைகள் மடிந்திருந்தன, மடிப்புக்கு ஒரு முட்டை. ரஷீதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவை குளிர்காலம் உள்ள மலைநாட்டுப் பிராணிகள். குளிர் வந்து போனால்தான் முட்டையிடும். எட்டு வருடமும் ஒரே டிகிரியில் வைத்து அதைத் தடுத்தவள் அவளே. இப்போது குளிரைக் கொடுத்தவளும் அவளே. நோட்டில் கையெழுத்து இருக்கும்போது அதை வெளியே சொல்லத்தான் முடியுமா?

அங்கமுத்து வாயெல்லாம் பல்லாக மாடியேறி வந்தார்.

"கண்மணிக்குக் கைராசி லா. ரஷீதா, உன் தொட்டியையும் அவகிட்டயே குடுத்துடு."

அன்று சாயங்காலமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கண்மணி தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலை. நான் இல்லாதப்போ நீங்க ஏதாச்சும் மாத்தினீங்களா?"

ரஷீதா தன் தொட்டியின் கண்ணாடிக்குள் பார்த்தாள். எட்டு வருடம் அவள் கையால் தின்றவை. ஒரு மாதக் குளிர் கிடைத்தால் அவையும் முட்டையிடும். முட்டைகள் கண்மணியுடையவை ஆகும்.

"ஒண்ணும் மாத்தலைம்மா. பதினெட்டுலயே வெச்சிரு. குறைச்சிடாத" என்றாள்.