ரகுபதியின் தமாஷ்

காலையில் கண் விழித்தால் இக்னேஷியஸுக்கு மாதா நினைப்பு வருவதில்லை. பில்லை நினைப்புதான் வரும். கல்மண்டபத்தை ஒட்டிய அந்தச் சர்க்கார் தானியக் கிடங்கில், நம்பர் அடித்த பித்தளைப் பில்லையைப் பலகைக் கொக்கியிலிருந்து எடுத்து, இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் வாசல் பெட்டியில் போட்டாக வேண்டும். பெட்டியில் விழாவிட்டால் ஆப்சென்ட். ஆள் எதிரில் மலை மாதிரி நின்றாலும் ஆப்சென்ட்தான். சுதந்திரம் வந்து இரண்டு வருஷமாகியும், வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்துக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை.

மூன்று மாதமாக அவன் பில்லை கொக்கியில் ஒழுங்காக இருந்ததேயில்லை. ஒரு நாள் குடிதண்ணீர்ப் பானைக்குள் கிடக்கும், ஒரு நாள் தராசுத் தட்டுக்கு அடியில். ஒளித்து வைப்பவன் கேட் குமாஸ்தா ரகுபதி என்பது கிடங்கு எலிக்குக்கூடத் தெரியும். அவன் மச்சானுக்குக் கிடைக்க வேண்டிய வேலையாம் இது. இக்னேஷியஸ் குறுக்கே வந்துவிட்டானாம். இவன் மூட்டைகளுக்கு நடுவே குனிந்து தேட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "தமாஷு மாமு, கோச்சுக்காத" என்பான் ரகுபதி. இரண்டு நாள் சங்கு முந்திக்கொண்டது. மூன்றாவது ஆப்சென்ட் விழுந்தால் தற்காலிகக்காரனுக்குச் சீட்டுக் கிழியும். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டியவன் இக்னேஷியஸ்.

சூப்பிரண்டிடம் நாலு தடவை போய்விட்டான். "ஒரே இடத்துல வேலை செய்யறீங்க, அனுசரிச்சுப் போப்பா. பதிவேட்டுல விழுந்ததை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல." நாலு தடவையும் இதே பாட்டு.

"அனுசரிக்க இன்னா கீது? அவன் கையைக் கடிச்சு வச்சுட்டு வா" என்றாள் மனைவி இருதயம்மாள்.

கடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்த பில்லையைக் கொக்கியில் மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அடுத்த நாள் காலையில் ஒளிக்கப் போன ரகுபதி வெறும் கொக்கியைப் பார்த்தான்; சங்குக்கு முன்னால் இக்னேஷியஸ் சட்டைப் பையிலிருந்து பில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டதையும் பார்த்தான். சும்மா இருந்திருக்கலாம். வாய்க்கொழுப்பு விடுமா? சூப்பிரண்டு வந்ததும் வராததுமாய் இக்னேஷியஸையும் இழுத்துக்கொண்டு போய் நின்றான்.

"சர்க்கார் பில்லையை வூட்டுக்கு எடுத்துகினு பூட்டான் சார். ராத்திரி பூரா கொக்கி காலி."

மூன்று மாதமாக அசையாத சூப்பிரண்டின் பேனா அஞ்சே நிமிஷத்தில் மெமோ எழுதிவிட்டது.

"ஆமா, எடுத்துகினு போனேன்" என்றான் இக்னேஷியஸ். "நேத்து சாயங்காலம் எல்லா பில்லையும் கொக்கில கீதுன்னு புக்குல கையெழுத்து போட்டது யாரு சார்? அத்தயும் எழுதிக்குங்க."

சூப்பிரண்டு புத்தகத்தைப் புரட்டினார். 'சரிபார்த்தேன், அனைத்தும் உள்ளன' என்று எழுதி, கீழே ரகுபதியின் கையெழுத்து. தினமும் பலகைப் பக்கம் திரும்பாமலே போடுகிற கையெழுத்து அது. அதற்கும் கீழே, அதே லட்சணத்தில், சூப்பிரண்டின் கையெழுத்து. ரகுபதியின் முகம் செத்துப்போயிற்று.

மெமோ நாலாகக் கிழிந்தது. "சரி சரி, ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க."

இக்னேஷியஸ் நகரவில்லை. "அந்த ரெண்டு ஆப்சென்ட்டு?"

சூப்பிரண்டு பதிவேட்டை இழுத்தார். சிவப்பு மையில் இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்து. கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வேலை பிழைத்தது.

சந்தோஷம் வரவில்லை, உச்சந்தலைக்குக் கோபம்தான் ஏறியது.

"இத்தினிதானா சார்? இந்த ரெண்டு கோட்டுக்கா மூணு மாசமா என்னைத் தூங்கவுடாம பண்ணீங்க?"

சூப்பிரண்டு தலை நிமிராமல், ஈர மையின் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.