டாக்ஸிக்கு ஒரு கவர்

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் 'பிரேக்'. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அந்த வண்டிகளில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் எதை மிதிப்பது என்று தேடுவதற்குள் இவர் கால் பிரேக்கை மிதித்துவிடும். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, அந்தக் கால் இப்போது எங்கே உட்கார்ந்தாலும் மிதிக்கிறது. பஸ்ஸில் மிதிக்கும். முடிவெட்டும் நாற்காலியில் மிதிக்கும். ஒருநாள் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்தல் பார்த்தார். படம் முடிந்தபோது என் தரைவிரிப்பு சுருண்டு மூலையில் கிடந்தது.

அவர் மனைவி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். கெட்டிக்காரி. எதைப் பார்த்தாலும் விலை சொல்லிவிடுவாள். நான் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு படி இறங்கினால், "நல்லா இருக்குக்கா" என்று வாய் சொல்லும், இதற்கு இவ்வளவு கொடுத்தாயா என்று கண் கேட்கும்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சத்தம் தானாக வந்து விழுகிறது, நான் குழாயை மட்டும் மூடிக்கொள்வேன். அப்படித்தான் அவள் உண்டாகியிருக்கும் விஷயம் அவர்கள் வெளியே சொல்வதற்கு ரொம்ப முன்னாலேயே எனக்குத் தெரிந்தது. இதற்கு முன் ஒன்று தங்கவில்லை என்பதும் தெரியும். இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்னால் நடந்ததாம். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் சுவர் எனக்குச் சொல்லவேயில்லை.

பயந்த மனிதர்கள் சிலர் கோயில் கோயிலாக அலைவார்கள். பிரேக் விலை விசாரித்தார். படிக்கட்டில் என்னைக் கண்டால் போதும், பால் பாட்டில் ஒன்று என்ன விலை, கொசுவலை மடக்குகிற மாதிரி வாங்குவதா விரிக்கிற மாதிரி வாங்குவதா, உங்கள் பெண்ணுக்குச் சளி பிடித்தபோது மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று பிடித்துக்கொள்வார். அவளுக்குச் சளி பிடித்து இருபது வருஷம் ஆகிறது. அதற்கெல்லாம் நான் எங்கே கணக்கு வைத்திருக்கிறேன். வாயில் வந்ததைச் சொல்வேன், மனிதர் முகம் வெளுத்துவிடும்.

சாயங்காலம் ஆனால் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பணத்தைக் கவர் கவராகப் பிரித்துப் போடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு கவர், மருந்துக்கு ஒன்று, துணிமணிக்கு ஒன்று, அவள் சம்பளம் வராத மாதங்களுக்கு ஒன்று. கடையில் பெட்டி நசுங்கியதென்று பாதி விலைக்குத் தள்ளிய டயப்பரை அவள் வாரிக்கொண்டு வந்தாள். பெரிய குழந்தைகளுக்கான அளவு. வளர்ந்துதானே ஆகணும் என்றாள். பிரேக் எல்லாவற்றிலும் இழுத்துப் பிடிப்பார். தொட்டில் வேண்டாம், துணிக்கூடை போதும் என்று கணக்குப் போட்ட மனிதர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் தாராளமாக இருந்தார். டாக்ஸிக்கு ஒரு கவர் வேண்டும் என்றார்.

அதில்தான் சண்டை. ஸ்கேன் பார்த்த டாக்டர், நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்று தேதி கொடுத்துவிட்டார். அதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது, நேரே கிளம்பி வந்துவிட வேண்டும், தாமதித்தால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பள்ளி முதலாளி இதைக் கேட்டு இரக்கப்பட்டு, குழந்தை பிறக்கும் வரை வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்திருந்தார். வாசலில் கார் நிற்கிறது, புருஷன் ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான், டாக்ஸி எதற்கு? அவள் கேட்டது நியாயம்தானே. அவர் "இருக்கட்டுமே, ஒரு கவர் இருக்கட்டுமே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் அந்தக் கவரைக் காலி செய்து பணத்தை ஆஸ்பத்திரிக் கவரில் போட்டுவிட்டாள்.

தையல்காரன் வீட்டில் ரெடிமேட் சட்டை கேட்கிற கதையாக இருக்கிறதே என்று நான் மாடி மாடியாகச் சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த ஆள் வண்டியின் ஓட்டுகிற பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அந்தக் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டதுகூட அவரிடம் கற்றுக்கொள்ளும் ஒரு பேங்க் குமாஸ்தாதான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இத்தனையும் கண்ணெதிரே நடந்தும் எனக்கு உறைக்கவில்லை.

டாக்டர் கொடுத்த தேதிக்கு இன்னும் நாள் கிடந்தது. மத்தியானம், நல்ல மழை. சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஆணி அடிக்கிறார்களோ என்று நினைத்தேன். மறுபடி தட்டியது, இந்தத் தடவை உள்ளங்கையால்.

போனேன். கதவு திறந்திருந்தது. சமையலறை வாசலில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத் தரை ஓட்டில் அவள் நடந்த பாதம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த பிரேக், எச்சில் கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் மெயின் ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். நான் என் போனில் டாக்ஸிக்குப் போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வண்டி கீழதான நிக்குது, வாங்க" என்றாள் அவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உதடு வெளுத்திருந்தது.

மூன்று மாடியையும் எப்படி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. கீழே பிரேக் ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்தார், அவளைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார், சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார், பெல்ட்டை மாட்டினார். நான் ஆஸ்பத்திரிப் பையோடு பின்சீட்டில் விழுந்தேன். மழை கூரைமேல் தடதடவென்று அடித்தது. வண்டி கிளம்பவில்லை.

பிரேக் நேரே பார்த்தபடி, தினமும் சொல்கிற அதே குரலில், "சைடு கண்ணாடிய சரி பண்ணிக்கோங்க" என்றார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவள். வயிறு ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களை ஏற்றுகிற பழக்கத்தில் அவளை ஓட்டுகிற பக்கத்தில் ஏற்றிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். அன்றைக்குப் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"ஏங்க, நான் ஓட்டணுமா?" என்று கேட்டாள்.

அவர் திரும்பினார், ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"அன்னைக்கும் நான்தான் ஓட்டினேன்" என்றார். "நீ பின்னால படுத்திருந்த. நான்தான் ஓட்டிட்டுப் போனேன். நாம ரெண்டு பேரா திரும்பி வந்தோம். அதுக்கப்புறம் அந்த சீட்ல நான் உக்காரவே இல்ல. ஒரு தடவகூட."

சுவர் சொல்லாத தகவல் அதுதான்.

அவள் அழவில்லை. வந்த வலியைப் பல்லைக் கடித்து விழுங்கிவிட்டு, "அன்னைக்கு உங்க மேல தப்பில்ல. நாம வீட்ட விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாலேயே எல்லாம் முடிஞ்சிருச்சு. எறங்குங்க, இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

பின்னால் வந்து படுத்துக்கொள் என்றேன். மாட்டேன் என்றாள். "நான் பின்னால இருந்தா இவரு கண்ணாடில என்னையே பாத்துட்டு இருப்பாருக்கா. ரோட்ட யாரு பாக்குறது?"

மழையில் நனைந்துகொண்டே இடம் மாறினார்கள். அவர் ஓட்டுகிற பக்கம், அவள் பக்கத்து இருக்கை. சாவியைப் போட வந்த கை சாவித்துவாரத்தைத் தேடித் தேடித் தடுமாறியது. அவள் அந்தக் கையைப் பிடித்து வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பெல்ட். கண்ணாடி. கிளட்ச். முதல் கியர். அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம், இப்போது அவள் வாயிலிருந்து. வண்டி நகர்ந்தது.

தெருமுனை திரும்புவதற்குள் அடுத்த வலி வந்தது. அவள் இரண்டு காலையும் ஊன்றி முன்னே தள்ளினாள். காலடியில் இருந்தது பிரேக். வண்டி குத்திட்டு நின்றது, நான் முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் பெடல் இருப்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே பெடலில் பிழைப்பு நடத்துகிறவரும் மூவரில் ஒருவர்.

"கால எடும்மா."

"எடுக்க முடிஞ்சா எடுக்க மாட்டேனா?"

ஒவ்வொரு வலிக்கும் வண்டி நின்றது. ஒவ்வொரு தடவையும் எஞ்சின் அணைந்தது, அவர் திரும்பக் கிளப்பினார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு லாரிக்காரர் எங்களை ஒட்டி நிறுத்தி, கூரைமேல் இருந்த 'பயிற்சி' பலகையைப் பார்த்துவிட்டு, "கத்துக்க வேற நாளே கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அவள் வலி கிளம்பும்போதே அவர் தோளைப் பிடிக்கத் தொடங்கினாள். தோளில் கை விழுந்ததும் அவர் கிளட்ச்சை மிதித்துவிடுவார். வண்டி நிற்கும், எஞ்சின் அணையாது. அப்படியே மரம் விழுந்த ரோட்டை விட்டுச் சந்துக்குள் நுழைந்து, பாலத்தடித் தண்ணீரைக் கடந்தோம். அவள் உட்கார்ந்திருந்த துண்டு என்ன நிறத்தில் இருந்தது என்று நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பாலம் தாண்டியதும் வண்டி சீராக ஓடியது. ஒரு தெரு, இன்னொரு தெரு. குலுங்கவில்லை, நிற்கவில்லை. அப்பாடா என்று நினைத்த அடுத்த நொடி முன்னால் எட்டிப் பார்த்தேன். தோளில் கை இல்லை. கால் மிதிக்கவில்லை. அவள் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. ஆனால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பிரேக்கப் புடி" என்றார். "புடிம்மா. ஒரே ஒரு தடவ. எவ்வளவு வேணும்னாலும் புடி, நான் நிறுத்துறேன்."

நான் பின்னாலிருந்து அவள் கன்னத்தைத் தட்டினேன். சில்லென்று இருந்தது.

"பிரேக்கப் புடிம்மா" என்று அவர் கெஞ்சினார். வாயில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. கை மட்டும் ஸ்டியரிங்கைச் சரியாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி மதில் தெரிந்தபோது வண்டி லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. பெரிய குலுக்கல் இல்லை, சின்னக் கல்லில் ஏறி இறங்கிய மாதிரி. ரோட்டில் கல் ஒன்றும் இல்லை. அவள் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் பெடல்மேல் இருந்தது.

அப்புறம் ஸ்ட்ரெச்சர், ஓட்டம், கதவு. அவளைக் கொண்டுபோன பிறகும் அவர் இறங்கவில்லை. வாசல் காவலாளி வந்து இங்கே நிறுத்தக் கூடாது, வண்டியை எடுங்கள் என்று ஜன்னலைத் தட்டினார். பிரேக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிடித்த விரலைப் பிரிக்கத் தெரியவில்லை அவருக்கு. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். காவலாளி பக்கத்து சீட்டில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார், பேசாமல் போய்விட்டார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வாய் ஓயாத நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னால் எங்கள் குடியிருப்பில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நர்ஸ் வெளியே வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. "பொண்ணு. எடை கம்மி, கண்ணாடிப் பெட்டில வச்சிருக்கோம். அம்மாவுக்கு ரத்தம் ஏத்துறோம், கண்ணு முழிச்சிட்டாங்க" என்றார் நர்ஸ். பிரேக் தலையாட்டினார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டார். நர்ஸ் மறுபடியும் சொன்னார்.

கவர் கணக்கெல்லாம் காற்றோடு போயிற்று. ஆஸ்பத்திரிக் கவர் முதல் மூன்று நாளுக்குத்தான் வந்தது. மற்றக் கவர்கள் வரிசையாகக் கிழிந்தன, அதுவும் போதாமல் முதலாளியிடம் முன்பணம். பாதி விலை டயப்பர் ஒன்றில் அந்தப் பிள்ளையை முழுசாகப் போட்டு மூடிவைக்கலாம், அவ்வளவு சின்னது. வளர்ந்துதானே ஆகணும் என்று நான் அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவள் சிரிக்கப் போய்த் தையலைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கூட்டிவரும் நாளில் டாக்ஸியா காரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் போய் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தார். தாயும் பிள்ளையும் பின்னால். முன்னால் நான். "அக்கா, அங்க பெடல் இருக்கு, கால மடக்கி வச்சுக்குங்க" என்றார். ஒரு தடவை அனுபவித்தது போதாதா எனக்கு, மடக்கிக்கொண்டேன்.

நத்தை மாதிரி வந்தோம். எங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். மடக்கிய கால் எப்போது இறங்கியதோ தெரியாது. வண்டி நின்றது. பின்னால் பிள்ளை ஒரு முனகல் முனகிவிட்டுத் தூங்கியது. எனக்குப் பெடலை விட மனம் வரவில்லை.

அவர் என் காலைப் பார்த்தார். சைக்கிள்காரர் போகும் வரை காத்திருந்தார்.

"கரெக்ட்டா புடிச்சீங்கக்கா" என்றார். "இப்ப மெதுவா விடுங்க."