வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு கைப்பிடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கொலைக்காகத் தொடங்கியது. தொடர்கதையில் ஒரு தொழிலதிபரை முடிக்க வேண்டியிருந்தது. கத்தி, விஷம், லாரி எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் குத்புதீனிடம் போனேன்.

"வெந்நீர்த் தொட்டியில ஷாக் அடிச்சு ஒரு ஆள் சாவணும் பாய். எப்படி?"

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சாவாம இருக்கதுக்கு நான் வழி தேடிக்கிட்டிருக்கேன். கூட வாரீங்களா?"

2

முதல் வரி: பொன்மணியின் வலது கை தண்ணீருக்கு மேல் தெரிந்தது, அசைவில்லாமல்...

(வேண்டாம். அந்தக் கை பின்னால் தேவைப்படும்.)

இரண்டாம் முயற்சி. பொன்மணி, வயது அறுபத்திரண்டு. இடுப்பு மூட்டை மாற்றி ஆபரேஷன். கயத்தாறு சாலையில் தனி வீடு, தனி ஆள். வெந்நீருக்குள் காலை அசைத்துப் பழகச் சொன்னார் டாக்டர். சிங்கப்பூரிலிருக்கும் மகன் அருண்பாண்டியன், தானே சூடாகிக் குமிழி விடும் தொட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டுச் சிமெண்ட் தளத்தில் இறக்கிவிட்டான். ஏறும்போது அம்மா ஒருமுறை வழுக்கினார். மகன் கெடு வைத்தான்: ஞாயிற்றுக்கிழமை வருவேன். யாரும் பிடிக்காமல் ஏறி இறங்கிக் காட்டினால் இங்கேயே இரு. இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு கிளம்பு.

ஆக, தொட்டிக்கு வெளியே ஒரு கைப்பிடி வேண்டும். [இதில் என்ன திகில் என்று என்னைக் கேட்காதீர்கள். பொன்மணியைக் கேளுங்கள்.]

3

வியாழக்கிழமை. பொன்மணி வீட்டுப் பின்கட்டில் குத்புதீனும் நானும். மகன் போன் வீடியோவில்.

"ஓட்டையப் போட்டு நாலு போல்ட்ட முடுக்குங்க பாய். பத்து நிமிஷ வேலை."

என் பேனா துள்ளியது. டிரில் தொட்டியின் பக்கப் பலகையைத் துளைக்கிறது, உள்ளே...

குத்புதீன் டிரில்லைத் தொடவேயில்லை. மெயினை அணைத்தார். பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். குடல்போல் குழாய்கள், ஊடே ஒயர்கள்.

"இதுல எங்கன ஓட்டை போடச் சொல்லுதீங்க தம்பி? இந்தப் பலகை வெறும் மூடி. ஆள் எடையத் தாங்காது."

"அப்ப தளத்துக்கு வெளிய குழி தோண்டிக் கம்பிய நடுங்க."

"கரிசல் மண்ணு தம்பி. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். தொட்டி ஒரு பக்கம் நிக்கும், கம்பி ஒரு பக்கம் சாயும்."

ஒரே வழிதான். கம்பியின் அடியில் அகலமான தகடு. அதைத் தொட்டிக்கு அடியில் செருகிவிட்டால் தண்ணீரின் எடையே அமுக்கிப் பிடிக்கும். செருக வேண்டுமானால் தொட்டியைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டுமானால் ஆயிரத்து இருநூறு லிட்டரைத் திறந்துவிட வேண்டும்.

எல்லாரும் அடிக்குழாயைப் பார்த்தோம், ஒருவரும் கை வைக்கவில்லை.

(வில்லன் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் சோம்பலால் ஓட்டை போடுவார்கள். நாங்கள் தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் ஓட்டை போடுவோம்.)

"திறந்து விடுங்க பாய்," என்றார் பொன்மணி.

"அக்கா, காசு குடுத்து வாங்கின லாரித் தண்ணி..." என்று இழுத்தார் குத்புதீன்.

"தண்ணிய மறுபடி ஊத்தலாம். இடுப்ப மறுபடி மாத்த முடியுமா?"

"யம்மா, அவ்வளவையுமா..."

"நீ போன வை. இவிய வேலையப் பாக்கட்டும்."

வாக்கரை நகர்த்திக்கொண்டு போய், குனிய முடியாமல் குனிந்து, அடிக்குழாயை அவரே திருகினார்.

4

பட்டறைப் பையன்கள் இருவரையும் சேர்த்து நான்கு பேர் கடப்பாரை போட்டு ஓரத்தைத் தூக்கினோம். தகடு உள்ளே போனது. பழுது பார்க்கத் திறக்கும் மோட்டார்க் கதவை மறைக்காத பக்கமாகப் பார்த்துத்தான் வைத்தார் குத்புதீன். சனிக்கிழமை லாரி வந்தது, தொட்டி நிறைந்தது.

"நீங்க தொங்கிப் பாருங்க," என்றார் என்னிடம். "உங்களுக்குத்தான் கெட்ட எண்ணம்."

எழுபத்தெட்டு கிலோவையும் போட்டு ஆட்டினேன். அசையவில்லை.

5

முடிவு அ: ஏறுகிறார், மகன் கண்ணைத் துடைக்கிறான். (சர்க்கரை ஜாஸ்தி.)

முடிவு ஆ: தகடு நழுவுகிறது, பொன்மணி... (மூன்று நாள் முயன்றேன். அந்தத் தகட்டின்மேல் ஆயிரத்து இருநூறு லிட்டர் உட்கார்ந்திருக்கிறது. நகர்த்த எனக்குத் தெம்பில்லை.)

ஆகவே நடந்தது மட்டும். ஞாயிறு காலை ஒன்பது மணி. வாக்கர் ஓரமாகக் கிடக்கிறது. பொன்மணியின் வலது கை கம்பியில். ஒரு கால் தரையை விட்டு எழுந்துவிட்டது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அருண்பாண்டியன் பாய்கிறான்.

"ஏலே, தள்ளி நில்லு!"

கம்பிக்கு நான் பொறுப்பு. கால் பொன்மணியுடையது. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் நானும் ஓடிவந்து பிடித்தவன் ஆகிவிடுவேன்.

நீங்களும் தள்ளி நில்லுங்கள்.